மீன் கிடந்த பெட்டி

எட்டாம் வகுப்புக்குப் பின்னம் கற்பித்துக்கொண்டிருந்தேன். மீன் வியாபாரி செல்லத்துரை சைக்கிளைப் பள்ளிக்கூட வேலியில் சாய்த்துவிட்டு யன்னலடியில் வந்து நின்றார். “ரீச்சர், பெட்டிக் கனகர் மோசம் போயிட்டார். பெட்டி கவிண்டு கரைக்கு வந்திட்டுது. ஆளை இப்பதான் கண்டெடுத்தவங்கள்” என்றார். “சரி” என்றேன். வெண்கட்டியைக் கீழே வைக்கவில்லை. கணக்கை முடித்து, விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன். அந்த மனிதருக்காக ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்த அன்று எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு வெளிவரும் இந்தச் சிறு நினைவு மலரில் எனக்கும் இடம் வேண்டும் என்று நானே போய்க் கேட்டேன். கடதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சடிக்கிறார்கள். அதில் இரண்டு பக்கத்தைப் பிடுங்கிக்கொள்வது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கனகசபை அண்ணை நல்லவர், உழைப்பாளி, கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர் என்றெல்லாம் எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் ஒரு பிழையைத் திருத்த வந்திருக்கிறேன்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடி வந்து தொண்டைமானாற்றில் ஒரே வளவில் கொட்டில் போட்ட குடும்பங்கள் எங்களுடையவை. கனகண்ணை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்தவர். என் கணவர் தவராசா, ஊருக்குத் தவம், பரம்பரையாகக் கடலுக்குப் போனவர். எங்கள் இயந்திரப் படகு மயிலிட்டித் துறையிலேயே கிடந்தது. அதை இங்கே கொண்டுவந்திருந்தாலும் ஊற்ற மண்ணெண்ணெய் ஏது? இவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி இருப்பார். அப்போதுதான் கனகண்ணை மூங்கிலைப் பிளக்கத் தொடங்கினார்.

பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு ஆள் மட்டும் இருந்து வலிக்கும் ஒடுங்கிய ஓடத்தின் படத்தை அவர் ஒரு பழைய சஞ்சிகையில் பார்த்திருக்கிறார். மூங்கிலை வளைத்துச் சட்டம் கட்டி, லொறி மூடும் படங்கை இழுத்துத் தைத்து, தார் பூசி அப்படி ஒன்றைச் செய்தார். மேற்பக்கமும் மூடியிருக்கும். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் இறங்கிக் காலை நீட்டி இருந்துகொண்டு, இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பால் வலிக்க வேண்டும். கரையில் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். “என்ன கனகர், சவப்பெட்டியை நீரே செய்து வைச்சிருக்கிறீர்?” என்று கேட்டார்கள். “சவப்பெட்டியிலை போனவன் ஆரும் திரும்பி வந்தவனோ? நான் வாறன், இருந்து பாருங்கோ” என்றார் அவர். அன்று இரண்டு பாரை மீனோடு வந்தார். பெட்டி என்ற பெயர் ஓடத்துக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த மாதம் என் கணவருக்கும் ஒன்று செய்துகொடுத்தார்.

அறக்குளா மீனைப் பிடிக்கத் தூண்டிலில் மினுங்குகிற ஏதாவது வேண்டும். கடையில் ஒன்றும் இல்லாத காலம். கனகண்ணை எங்கள் குசினி வாசலில் நின்று, “ரீச்சர், ஒரு கரண்டி தாங்கோவன். அறக்குளாவுக்கு விருந்து வைக்கவேணும்” என்றார். கல்யாணத்துக்கு வந்த ஆறு எவர்சில்வர் கரண்டிகளில் ஒன்றைக் கொடுத்தேன். என் பெயரின் முதலெழுத்துகள் ‘ச.த.’ என்று பிடியில் வெட்டியிருந்த கரண்டி. எழுத்து நிற்கிற அளவில் அதன் பிடியைப் பாதியாக அறுத்து, மணலில் தேய்த்து, ஓட்டை போட்டு, கொழுக்கி கட்டி என் கணவரின் தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில், முடிந்தார். தன்னுடையதற்குத் தன் வீட்டுக் கரண்டியை அறுத்து மனைவி மகேசக்காவிடம் பேச்சு வாங்கினார்.

நாலடி அறக்குளா ஒன்று அகப்பட்டால் அந்த ஒடுங்கிய பெட்டியில் தனி ஆள் அதை ஏற்ற முடியாது. வெள்ளி வாள்போல ஒரு உடம்பு, அடித்தால் ஓடம் கவிழும். ஆகவே அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவனுக்கு மீன் பட்டால் மற்றவன் தன் தூண்டிலைச் சுருட்டிவிட்டு அருகே வருவான். துடுப்பை இரண்டு பெட்டிக்கும் குறுக்கே வைத்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகி ஆடாமல் நிற்கும். மீனைத் தூண்டில்காரனின் பெட்டியில் ஏற்றுவதில்லை. அவன் களைத்திருப்பான், சுற்றிவரத் தங்கூசியும் கிடக்கும். உதவிக்கு வந்தவனின் பெட்டியில்தான் ஏற்றுவது. கனகண்ணை முற்றத்தில் இரண்டு உலக்கையைப் படுக்கப் போட்டு எனக்கு இதை விளங்கப்படுத்தினார். “தங்கூசியை ஒருநாளும் கையிலை சுத்தக்கூடாது ரீச்சர். மீனுக்குக் கடல் முழுக்க இருக்கு. எங்களுக்கு ரெண்டு கைதான்” என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். நன்றாகவே விளங்கியது. இதை மறந்துவிடாதீர்கள், நான் மறந்துபோனேன்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மாறியிருந்தது. ஆறு வயது. கை கால் எல்லாம் ஈர்க்குப்போல. வாய்க்கு ருசி திரும்பி மீன் மீன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளாகக் கடல் ஒன்றும் தரவில்லை. ஐந்தாம் நாள் காலை இரண்டு பெட்டிகளும் போயின. பத்து மணியளவில் இராணுவ ஹெலியின் சத்தம் கேட்டது. கடலில் நின்றவர்கள் தூண்டிலையும் வலையையும் விட்டுவிட்டுக் கரைக்கு வலித்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் இருவரும் வரவில்லை. தூரத்தில் இரண்டு பெட்டியும் ஒட்டிக்கொண்டு நிற்பது கரையிலிருந்து தெரிந்தது. பிறகு மேலிருந்து சுடும் சத்தம் கேட்டது.

கனகண்ணை இவருடைய பெட்டியைத் தன்னுடையதில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவரது பெட்டியின் மேல் ஒரு பெரிய அறக்குளா கிடந்தது. பின்னால் வந்த பெட்டியில் என் கணவர் தலை சாய்ந்து இருந்தார். கரையில் நின்ற அத்தனை பேரும் முதலில் கண்டது மீனைத்தான். “தன்ரை மீனை ஏத்திறதுக்கு அந்தப் பொடியனை மறிச்சு வைச்சிருக்கிறான், பாவி” என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் கரை முழுக்கப் போனது. என் காதுக்கும் வந்தது.

பின்னேரம், சவம் எடுத்து முடிந்து வீடு கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் அந்த மீனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். “பிள்ளைக்கு” என்றார். அதை வாங்கிப் படலைக்கு வெளியே எறிந்தேன். “ஒரு மீனுக்காக அவரை மறிச்சு வைச்சனீங்களோ? உங்களுக்கு மீன்தானே பெரிசாய்ப் போச்சு?” என்று கத்தினேன். முற்றம் நிறைய ஆட்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஓம் ரீச்சர்” என்றார். ஒழுங்கையில் குனிந்து மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ‘ஓம்’ போதுமாக இருந்தது. அடுத்த கிழமையே அவர்கள் வளவை விட்டு வேறு இடம் போனார்கள். கனகண்ணை பிறகும் இரண்டு பெட்டி செய்தார். வாங்கிப் போனவர்கள் தங்களுக்குள் சோடி சேர்ந்தார்கள், அவரோடு ஒருவரும் போகவில்லை. “தவத்தின்ரை மனுசியே சொன்னவ” என்பதுதான் எல்லோருடைய நியாயமும். எனக்கு அது தெரியும். தெரிந்து திருப்திப்பட்டேன். சந்தையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பினேன். தன் வழக்கத்துக்கு மாறாக அவர் மூன்று வருடம் தனியே போய்த் தனியே வந்தார். போன மாதம் திரும்பி வரவில்லை. ஏதோ பெரிய மீனாக இருந்திருக்கும், துடுப்பைக் குறுக்கே வைத்துப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. எடுத்தவர்கள் சொன்னார்கள், அவருடைய கையில் தங்கூசி சுற்றியிருக்கவில்லையாம்.

செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் ஊர் கதைக்கும் என்றுதான் போனேன். மகேசக்கா என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே கூட்டிப்போனார். ஒரு பால்மா ரின்னைத் திறந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். பாதிக் கரண்டி. கொழுக்கி துருவேறியிருந்தது. பிடியில் ‘ச.த.’

“தவம் தம்பியின்ரை தூண்டில். அண்டைக்கு மீன்ரை வாயிலை இருந்ததை இவர் கழட்டிப்போட்டுத்தான் மீனை உங்களிட்டைக் கொண்டு வந்தவர். உங்களுக்குக் காட்டக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். இனி ஆருக்கு மறைக்கிறது?”

“மீன் கனகண்ணையின்ரை பெட்டியிலைதானே கிடந்தது?”

“ஓம். கிடந்ததுதான். இவையின்ரை வழக்கத்திலை மீன் ஆரின்ரை பெட்டியிலை கிடக்கும் ரீச்சர்?”

நான் கணக்கு ரீச்சர். முற்றத்தில் உலக்கை போட்டு விளங்கப்படுத்தியபோது தலையாட்டியவள். மீன் உதவிக்கு வந்தவனின் பெட்டியில் என்றால், தூண்டில் என் கணவருடையது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் கணக்கு. மூன்று வருடமாக நான் அதைச் செய்யவில்லை. செய்ய விரும்பவும் இல்லை.

மகேசக்கா மிச்சத்தைச் சொன்னார். ஹெலிச் சத்தம் கேட்டுக் கனகண்ணை கரைக்குத் திரும்பிவிட்டார். பின்னால் பார்த்தால் தவம் வரவில்லை. தங்கூசியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டி வெளிக்கடலுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. கனகண்ணை திரும்பிப் போய்க் கத்தியை எடுத்துத் தங்கூசியில் வைத்தார். தவம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“‘வெட்டாதேங்கோ கனகண்ணை, நாலு நாளாய் வெறுங்கை. இண்டைக்கும் வெறுங்கையோடை வராதேங்கோ எண்டு மனுசி சொல்லி விட்டவள்’ எண்டு மண்டாடினதாம். இவர் கத்தியை மடிச்சுப்போட்டுத் துடுப்பைக் குறுக்கை வைச்சவர். மீனை ஏத்தி முடியத்தான் ஹெலி மேலுக்கு வந்தது. ‘மீனை வீட்டிலை குடுங்கோ’ எண்டதுதான் தவத்தின்ரை கடைசிக் கதை.”

“ஏன் அக்கா இதை எனக்குச் சொல்லேல்லை?”

“நானும் கேட்டனான். ‘கத்தி என்ரை கையிலை இருந்தது, வெட்டாமல் விட்டது நான். ரீச்சர் கேட்டதிலை பிழையில்லை. மிச்சத்தைத் தெரிஞ்சு அவ என்ன செய்யிறது? பிள்ளையை வளர்க்கவேணும், நித்திரை கொள்ளவேணும்’ எண்டவர்.”

அன்று காலை வெறுங்கையோடு வராதேங்கோ என்று சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் அனுப்புவேன். இந்தக் கரையில் எந்தப் பெண் அதைச் சொல்லவில்லை? பாதி பகிடி, பாதி எரிச்சல், வாயைத் திறந்தால் வருகிற பேச்சு. அதை அவர் கடலுக்குக் கொண்டுபோனார்.

கனகண்ணையோடு சோடி போக மறுத்தவர்களே, உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. என் வாயை நம்பித்தான் மறுத்தீர்கள். அவரைத் தனியே அனுப்பியது நான். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இரண்டு பக்கத்தையும் கேட்டேன். மகேசக்கா வாசித்துவிட்டு, “உதைப் போடத்தான் வேணுமோ ரீச்சர்?” என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

கனகண்ணையின் கைவேலை என்று என்னிடம் இருப்பது அந்தப் பாதிக் கரண்டி. மற்ற ஐந்தோடும் சேர்த்துக் குசினியில் வைத்திருக்கிறேன். மகள், “இது என்னம்மா, உடைஞ்சதோ?” என்று கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபோதுதான் கனகண்ணை அன்று என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு விளங்கியது. தவம் போன பிறகும் மூன்று வருடம் நான் நித்திரை கொண்டேன். திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்ததால் கொண்டேன். அந்த நித்திரை கனகண்ணை தந்தது. இந்த முப்பது நாளாக அது இல்லை.

கனகண்ணை, அன்று முற்றத்தில் நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன விடை பிழை. பிழை என்று தெரிந்துகொண்டே சொன்னீர்கள். நான் அதற்குச் சரி போட்டேன்.