காக்கிக் கோட்டும் செங்கால் நாரையும்

சண்டைக்காலத்து மார்கழி அது. சைகோன் ஆற்றில் விடியற்காலையிலேயே மோட்டார் படகைக் கிளப்பிய மொரீஸ், சம்பந்தி இக்னாஸைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா சம்மந்தி, கொக்கு பாக்க வர்றீங்களா, பரேடுக்குப் போறீங்களா?"

பிரெஞ்சுப் படையில் இருந்தபோது தந்த காக்கிக் கோட்டை, மெடலோடு மாட்டிக்கொண்டு வந்திருந்தார் இக்னாஸ்.

"திரும்பி வந்ததும் நேரா கோயிலுக்குத்தான் போவணும். பேரனுக்கு ஞானஸ்நானம் ஆனதும் இந்தக் கோட்டோட அவனத் தூக்கி வச்சி போட்டோ புடிக்கணும். பெரியவனாயி பாக்கட்டும், தாத்தா யாருன்னு."

காரைக்காலில் இருந்தபோதே இருவருக்கும் குளிர்காலப் பறவைகள் என்றால் உயிர். கழிமுகத்துச் சேற்றில் உள்ளான் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தது. மொரீஸ் மோட்டாரை நிறுத்தினார்.

"அதோ கூழைக்கடா. பேரன் மூக்கு அச்சு அசல் அதேதான்."

"அப்ப அது ஒங்க வூட்டு மூக்கு!"

இக்னாஸ் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். காட்டோரம் வெள்ளையாக ஏதோ அசைந்தது. எழுந்து நின்று, கையை நீட்டிக் கத்தினார்.

"அங்க பாருங்க, செங்கால் நாரை!"

நாரை பறந்துவிட்டது. அது நின்ற இடத்தில், மரநிழலில், ஒரு சின்னப் படகு. அதில் ஒரு கிழவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு பெண். மடியில் கைக்குழந்தை. அதன் வாயை அவள் உள்ளங்கை அழுத்தி மூடியிருந்தது.

இக்னாஸின் நீட்டிய கை அப்படியே நின்றது. படகுகளைச் சோதனை போட்ட நாட்களில் அவர் இப்படித்தான் கை நீட்டுவார். நீட்டினால் எதிரே இருப்பவர்கள் கையைத் தூக்க வேண்டும்.

சட்டென்று கையைத் தொங்கவிட்டார். "சிம்! சிம்!" என்று வானத்தைக் காட்டினார். பறவைக்கு அந்த ஊர்ச் சொல் அது. கிழவர் நம்பவில்லை. குனிந்து, நண்டுக்கூடையை எடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல இருகையாலும் நீட்டினார்.

"சம்மந்தி, போயிடலாம்," என்றார் இக்னாஸ். மொரீஸ் படகைத் திருப்பினார்.

படகு கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் அந்தக் குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. இக்னாஸ் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பலகைக்கு அடியில் தள்ளினார். குளிர்காற்று சட்டைக்குள் புகுந்தது. மொரீஸ் அதன்பின் பறவை எதையும் காட்டவில்லை.

கோயில் வாசலில் இக்னாஸின் மகள் மாதலேன் ஓடிவந்தாள்.

"பப்பா, கோட்டு எங்க? போட்டோக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு!"

"நனைஞ்சிபோச்சும்மா."

மொரீஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

வெறும் சட்டையோடு இக்னாஸ் பேரனை வாங்கினார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் குழந்தை வாயைத் திறந்து அழத் தொடங்கியது. மாதலேன் பதறி, அதன் வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

"கைய எடு!" என்றார் இக்னாஸ். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லா அழட்டும்மா. வாய மூடாத."