மென்று தின்ற களி

எங்கள் பக்கத்தில் ராகிக் களியை யாரும் மெல்லுவதில்லை. பிட்டு, உருட்டி, கீரைக் கடைசலில் புரட்டி அப்படியே விழுங்குவார்கள். மென்று தின்பவரைப் பார்த்தால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். ராயக்கோட்டைக்கு அருகே தக்காளி பயிரிடும் என் அப்பாவும் விழுங்குகிறவர்தான்.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், கொஞ்ச நேரத்தில் இனிக்கும் என்று படித்த நாளிலிருந்து அப்பாவை நான் விடவில்லை.

“செரிமானம் வாயிலயே ஆரம்பிக்குதுப்பா. நீங்க அந்த வேலையையும் வயித்து மேல தள்றீங்க.”

“களிய மென்னா பல்லுல ஒட்டிக்கும் பாப்பா. முழுங்கிட்டா வயிறு பாத்துக்கும். அதுக்கு வேற என்னா வேலை?”

ஓசூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தபின், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வருவேன். பொங்கல் முடிந்த ஒரு ஞாயிறு, அப்பா களியை மென்றுகொண்டிருந்தார். சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர்.

“என்னப்பா, அதிசயமா இருக்கு?”

“டீச்சரம்மா சொன்னா கேக்க வேணாமா?”

“முப்பது வருசமா நான் சொன்னது ஒண்ணும் இந்த மனுசன் காதுல ஏறல. மக சொன்னா மட்டும் ஏறுது,” என்றாள் அம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பா வீட்டில் சொன்னேன், ஆய்வகத்தில் சொன்னேன், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம்கூடச் சொன்னேன். மாசியில் அப்பா களியை விட்டுக் குழைந்த சோற்றுக்கு மாறினார். பங்குனியில் கூழுக்கு. மென்று தின்றால் கொஞ்சமே போதும் என்று அவர் இளைத்ததற்கும் நானே விளக்கம் சொன்னேன்.

சித்திரையில் கூழும் திரும்பி வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், எத்தனை நாளாக விழுங்கச் சிரமம் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

“ஒரு பத்து நாளா சார்.”

“தை மாசத்துலருந்து,” என்றேன் நான். சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

உணவுக்குழாய் ஒரு முழம்கூட இருக்காது. உணவு தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் அதைப் பிசைந்து பிசைந்து கீழே தள்ளுகின்றன. இதையெல்லாம் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள் நான். அவருடைய தட்டுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“ஏம்பா சொல்லல?”

“ஊரு பூரா சொல்லிட்டு வந்துட்டியே பாப்பா. அப்பறம் எப்படிச் சொல்றது?”

உணவுக்குழாயில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். இப்போது வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராகிக் கஞ்சியை வடிகட்டி நான்தான் அதில் ஊற்றுகிறேன். வாயைத் தொடாமல் நேரே வயிற்றுக்குப் போகிறது. அவர் சொன்னதுபோலவே வயிறு பார்த்துக்கொள்கிறது.

போன ஞாயிறு கொஞ்சம் களி கேட்டார். மென்றுவிட்டுத் துப்பிவிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். பிறகு நான் நீட்டிய கிண்ணத்தில் துப்பினார்.

“இனிக்குது பாப்பா.”

“நெசமாத்தானாப்பா?” என்று கேட்டேன். தை மாதம் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.