சேவியரண்ணன் ஊதிய கோல்

சேவியரண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் மேலப்பாளையத்தில் என் ஜவுளிக்கடை ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றுகொண்டிருந்தேன். அவர் மனைவி ரோசம்மா அக்காதான் பேசினார்கள். "பாய், உங்க அண்ணன் போயிட்டாவ. காலையில காபி கேட்டாவ. போட்டுக் கொண்டு வாறதுக்குள்ள…" நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஷட்டரை முழுதாகத் தூக்கினேன். பிறகு இறக்கினேன். எதற்கு இறக்கினேன் என்று யோசித்து மறுபடியும் தூக்கினேன்.

சற்று நேரத்தில் இன்னொரு அழைப்பு. பழைய கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர். "சாகுல் பாய், நம்ம ரெஃப்ரி போயிட்டாராமே. இனிமேலாவது சொல்லும்வே, அது கோலா, இல்லையா?" உடம்பு இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. அதற்குள் இவருக்கு இந்தக் கேள்வி. "போனை வையும்வே" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகு யோசித்தால், எனக்கும் அதே கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. என்ன மனுஷன் நான் என்று எனக்கே புரியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு எந்தக் கோல் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வார நாட்களில் சேவியரண்ணன் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. நான் அவருடைய லைன்ஸ்மேன், கொடியோடு கோட்டோரம் ஓடுகிறவன். எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டாத ஊர் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியதும் அவர் உலகக் கோப்பைக் கதையை எடுப்பார். மற்றவர்களுக்கு உலகக் கோப்பை என்றால் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது. அவருக்கு, எந்த ரெஃப்ரியை எதற்காகத் திட்டினார்கள் என்பதுதான் சரித்திரம்.

1930இல் முதல் கோப்பையின் இறுதியாட்டத்தில் உருகுவேயும் அர்ஜென்டினாவும் ஆளுக்கொரு பந்தைக் கொண்டுவந்து, எங்கள் பந்தில்தான் ஆடுவோம் என்று நின்றார்களாம். முதல் பாதியை அர்ஜென்டினா பந்தில் ஆடினார்கள், அர்ஜென்டினா முந்தியது. அடுத்த பாதி உருகுவே பந்தில், கோப்பை உருகுவேக்கு. "அப்பம் பந்துதான் ஜெயிச்சுதாண்ணே?" என்று கேட்டேன். "எனக்கு எப்படிவே தெரியும்? ஆட்டம் நின்னு போகாம நடந்துச்சுல்லா, அதைப் பாரும்" என்றார். 1950இல் இந்தியா ஏன் போகவில்லை என்று கேட்டால் இன்னும் மோசம். "வெறுங்காலோட ஆடக் கூடாதுன்னுட்டானாம், அதான் போகலைன்னு சொல்லுதாவ. கப்பல்ல அம்புட்டு தூரம் யாரு போறதுன்னும் சொல்லுதாவ. நமக்கே போக மனசில்லைன்னும் சொல்லுதாவ." எது நிஜம் என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஏறும்போது இருந்த தெளிவும் இறங்கும்போது எனக்கு இருக்காது.

2010ஆம் ஆண்டு, உவரிக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பந்தாட்டம். ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் ஜெரோம், ரோசம்மா அக்காவின் கூடப்பிறந்த தம்பி. மச்சான் ஆடுகிற ஆட்டத்துக்கு நான் நிற்கமாட்டேன் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். வேறு ஆள் கிடைக்கவில்லை. கோல் கம்பத்துக்குக் கடையில் வலை வாங்குகிற வழக்கம் அந்தக் கடற்கரையில் கிடையாது. கடலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மீன்வலையைக் கட்டுவார்கள். கிழிசலை அன்று காலையில்தான் பின்னுவார்கள். பின்னினவர் அவசரத்தில் பின்னினாரோ என்னவோ.

ஆட்டம் முடியப்போகிற நேரம். வலது பக்கமிருந்து ஒருவன் ஓங்கி உதைத்தான். கம்பத்தருகே ஐந்தாறு பேர் ஒன்றாக விழுந்தார்கள். எழுந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. உதைத்த பக்கம் கோல் என்று குதித்தது. ஜெரோம் பக்கமோ, பந்து வெளியே போய், பக்கவாட்டுக் கிழிசல் வழியாக உள்ளே வந்தது என்று மார்பில் அடித்துக்கொண்டது. அண்ணன் என்னிடம் ஓடிவந்தார். "பாய், பார்த்தீரா?" மேற்கு வெயில் நேராக என் கண்ணில். "பார்க்கலைண்ணே" என்றேன். ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். திரும்பி நடந்தார். கோல் என்று விசில் ஊதினார். ஜெயித்தவர்கள் வலை மேலேயே விழுந்து புரண்டதில் அது நாலாபக்கமும் கிழிந்துபோயிற்று. எது பழைய கிழிசல், எது புதுசு என்று யார் சொல்ல முடியும்?

அண்ணன் என்னிடம் பேசியதை ஊரே பார்த்தது. என்ன பேசினார் என்பதை யாரும் கேட்கவில்லை. நான்தான் கோல் என்று சொன்னேன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. திரும்பும்போது பேருந்தில் 1966 இறுதியாட்டத்தைச் சொன்னார். இங்கிலாந்துக்காரன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா? ரெஃப்ரி லைன்ஸ்மேனிடம் ஓடினார்; அவர் கோல் என்றார். ஜெர்மனிக்காரன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுக்குச் சொல்ல ஒரு ஆளு இருந்தான். எனக்கு வாய்ச்சது நீரு" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஜெரோம் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கும் முந்திரிக்கொத்தும் தூக்குவாளியோடு திரும்பி வந்தன. அக்கா அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரை வதைத்தது என்று நினைக்கிறேன்.

அதே வருஷம் ஜூனில், அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பே, உலகக் கோப்பையில் மறுபடியும் இங்கிலாந்தும் ஜெர்மனியும். இங்கிலாந்தின் பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து, வெளியே வந்தது. ரெஃப்ரி கோல் தரவில்லை. அண்ணன் உடனே போன் செய்தார். "பாய், அறுபத்தாறுல உள்ள விழுந்துச்சான்னு தெரியாதது கோலு. இன்னைக்குக் கண்ணால பார்க்கோம், இது கோலு இல்லைங்கான். என்னவே கணக்கு இது?" அவர் சந்தோஷப்பட்டாரா, அழுதாரா, குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

2014 கோப்பையில் பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்ல இயந்திரமே வந்துவிட்டது. அந்த வாரம் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "இனிமே ரெஃப்ரி வீட்டுக்கு மச்சான் சாப்பிட வருவான் பாய்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "நானும் பார்க்கலவே. முன்னால அத்தனை பேரு விழுந்து கெடந்தானுவ. எல்லாவனும் என் வாயையே பார்க்கான். யாராவது ஊதணும்லா?" என்றார். அதை மச்சானிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். "பார்க்காம ஊதினேன்னு சொன்னா இன்னும் கோவப்படுவான்" என்று எழுந்து போய்விட்டார்.

அடக்கத்துக்காகத் திசையன்விளை வழியாக அண்ணனின் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா பெட்டியருகே உட்கார்ந்து நிமிஷத்துக்கொரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் வந்திருந்தார், ஆனால் பந்தலுக்கு வெளியே, வேலியோரம் நின்றார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பாய், நீரு சொன்னா நான் நம்புதேன். அது கோலா?"

கோல் என்றால் இத்தனை வருஷம் இவர் அநியாயமாக அக்காவை ஒதுக்கினார் என்றாகும். இல்லை என்றால் உள்ளே கிடக்கிறவர் அநியாயக்காரர் என்றாகும். பூசைக்கு நேரமாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். அண்ணன் மறைத்ததை நான் சொல்லலாமா, கூடாதா? ஒன்றும் புரியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"நான் பார்க்கல ஜெரோமு. அவரும் பார்க்கல. என்கிட்ட அவரே சொன்னாரு."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"நானும் பார்க்கல பாய்" என்றார். "கண்ணு நெறைய மண்ணு. கிழிசல் வழியா வந்துச்சுன்னு பின்னால நின்னவனுவ சொன்னானுவ. நானும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரியே ஆயிட்டு."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அக்கா எழுந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பெட்டியைத் தூக்கும்போது தலைமாட்டில் ஜெரோம்தான் தோள் கொடுத்தார். நான் பின்னால் நடந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேச வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அது கோலா என்று கேட்டு இன்னும் போன் வருகிறது. தெரியாது என்கிறேன், யாரும் நம்பவில்லை. அவர் ஊதியது சரியா, தவறா என்றும் எனக்குத் தெரியாது. மூன்று பேருக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒருவர் கடைசிவரை திட்டும் வாங்கினார், மச்சானையும் இழந்தார், பார்க்கவில்லை என்ற என் மேல் பழி போடாமல். அந்த ஒருவர்தான் எனக்கு மிஞ்சிய சேவியரண்ணன்.