வேலி கட்ட வேண்டிய வீதி

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பள்ளியின் கணக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தபோது, நானே ஒரு வாரமாக அதே பள்ளியின் மதிப்பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகரத்தின் சாலை பஜார் பக்கத்தில் இருக்கும் மலையாளப் பள்ளி. ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பிரிவு தமிழ் வழி. அந்தப் பிரிவு மட்டும் கணக்கில் அப்படியே கீழே கிடந்தது.

"மேடம், எங்க பிள்ளைகள் இவ்வளவு மோசமில்ல, கேட்டீங்களா. நான்தானே தினமும் பாக்கேன்" என்றார் டீச்சர்.

கணினியில் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளை வடிவமைப்பது என் வேலை. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும். தப்பினால் கொஞ்சம் எளிதாக வரும். இருபது கேள்விக்குள் ஒரு குழந்தை எங்கே நிற்கிறது என்று கணினி முடிவு செய்துவிடும். கீழே நிற்கும் பிள்ளைகளை 'அடிப்படைப் பயிற்சி' வகுப்பில் போடுவார்கள். மற்றவர்கள் விளையாடவும் படம் வரையவும் போகிற நேரத்தில் இவர்கள் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் போடவேண்டும்.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் ஒரு சிறுமியை உட்காரவைத்து, கேள்வியைச் சத்தமாகப் படித்து, மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லச் சொன்னேன். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து சாலைக் கடையொன்றுக்கு வேலைக்கு வந்தவர். குடும்பம் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஒரு தோட்டத்தின் நீளம் பன்னிரண்டு மீட்டர், வீதி எட்டு மீட்டர். சுற்றிலும் வேலி கட்ட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்?" என்று படித்துவிட்டு நிறுத்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், தோட்டத்துக்கு வேலி கட்டுதாங்க, சரி. வீதிக்கு எதுக்கு வேலி?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது முகம் சூடாகிவிட்டது. மலையாளத்தில் வீதி என்றால் அகலம். அவள் தெருவை நினைத்துக்கொண்டிருந்தாள். தோட்டம், அதையொட்டி ஒரு தெரு, தெருவுக்கும் வேலி. பாவம், அந்தக் குழந்தை எப்படிக் கணக்குப் போடும்?

கேள்விகளை மலையாளத்திலிருந்து தமிழாக்கியது வேறொருவர். ஆனால் தமிழைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். சாலையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் எல்லாம் மலையாளம். கடையில் 'வீதி கூடிய கரை' என்று கேட்டுத்தான் வேட்டி எடுப்பார்கள். என் காதுக்கு அதில் ஒரு தவறும் தட்டுப்படவில்லை. அந்தச் சிறுமியிடம், "கேள்விதான் தப்பு, நீ இல்ல" என்று சொன்னேன். அவள் நம்பினமாதிரி தெரியவில்லை. கணினி தப்பாகக் கேட்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்றே அலுவலகத்துக்குத் திரும்பி தமிழ்க் கேள்விகள் முழுவதையும் மறுபடி படித்தேன். கயிற்றை 'நான்கு கஷணமாக' வெட்டச் சொல்லியிருந்தது. துண்டு என்று பொருள். இந்தப் பிள்ளைகளுக்கு அது நொடி. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 'மூன்று அவசரம்' கொடுத்திருந்தது. வாய்ப்பு என்று பொருள். இந்தப் பிள்ளைகளுக்கு அது பரபரப்பு. இப்படி எளிய கேள்விகளிலும் நடுத்தரக் கேள்விகளிலும் நிறையவே கிடந்தன. ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம் என்று கணித்ததோ மலையாள வழிப் பிள்ளைகளின் விடைகளை வைத்து.

எங்கள் குழுவின் தலைவர் தேர்வு அளவீட்டுத் துறையில் பெரிய ஆள். நாஞ்சில்நாட்டுக்காரர். பட்டியலை அவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"அடடா, வீதியா! இது நமக்குத் தோணவே இல்லியேம்மா."

"இந்த வருஷ மதிப்பெண்ண நிறுத்தி வச்சிரலாம் சார்."

"அது எப்படி முடியும்? ஒரு கேள்வி தப்பினா அடுத்தது ஈசியா வரும். அதுல ஏறிக்கிடுவாங்க. அதுக்குத்தானே இந்த முறையே."

"ஏறுற வழியிலயும் இதே வார்த்தைதானே சார் கிடக்கு?"

அவர் சிரிப்பு நின்றது. "சரி. கேள்வி ஒரு கூட்டத்துக்கு மட்டும் பாரமா இருக்குன்னு காட்டணும்னா டேட்டா வேணும். தமிழ் வழியில எத்தன பிள்ளைகள் இருக்கு? இத வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனாலும் கேட்டேன்.

"பிள்ளைகள் குறைவுன்னா தப்பே இல்லன்னு ஆயிடுமா சார்?"

"இல்லன்னு நான் சொல்லல. காட்ட முடியாதுன்னு சொல்லுதேன்."

தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளின் விடைகளையும் சேர்த்துப் பார்த்தேன். அங்குள்ள பிள்ளைகள் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்தவர்கள், வீதியில் தடுக்கி விழவில்லை. அவர்களைச் சேர்த்ததும் இருந்த கொஞ்ச வித்தியாசமும் கரைந்துபோனது. ஆதாரம் தேடப்போய் எதிராளிக்கு ஆதாரம் கொண்டுவந்தேன். பிறகு வார்த்தைகளைத் திருத்தி, அதே கேள்விகளைத் தாளில் அச்சடித்து, டீச்சர் மூலம் பிள்ளைகளை எழுதவைத்தேன். பாதி வகுப்பு நன்றாகவே எழுதியது. அந்தச் சிறுமி வேலிக் கணக்கை மனதிலேயே போட்டுவிட்டாளாம். தாள்களை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன்.

"இது வேற தேர்வும்மா" என்றார் அவர். "இந்த மார்க்கையும் அந்த மார்க்கையும் ஒரே தட்டில வைக்க முடியாது." திரும்பத் திரும்ப எழுதிய மின்னஞ்சல்களுக்கு, 'அடுத்த ஆண்டு கேள்விகளில் திருத்திக்கொள்ளலாம்' என்று ஒரே பதில். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் பாடப்படி சரி.

பள்ளித் தலைமையாசிரியையிடம் போய், தவறு என்னுடையது என்று கையால் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"உங்க ஆபீஸ் சீல் இல்லியே? பயிற்சி வகுப்பு லிஸ்ட் மேலேயிருந்து வந்தது மேடம். நான் எப்படி மாத்த?"

அந்த வருடம் முழுவதும் அந்தச் சிறுமி அடிப்படைப் பயிற்சி வகுப்பிலேயே இருந்தாள். ஒருமுறை போனபோது, ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தபடி இரண்டு இலக்கக் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தாள். விடைகள் எல்லாம் சரி.

அடுத்த ஆண்டுக்குள் வார்த்தைகளையெல்லாம் மாற்றினோம். கடைசிப் பார்வைக்கு அந்த டீச்சரையே உட்காரவைத்தேன். அதற்கும் சண்டை போடவேண்டியிருந்தது. ஏழாம் வகுப்புக்குப் போயிருந்த அதே பிள்ளைகள் மேலே வந்தார்கள், எல்லாரும் வியக்கும்படி. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். எங்கள் குழுவின் அறிக்கை வரும்வரைதான் அந்த நிம்மதி.

'அடிப்படைப் பயிற்சி வகுப்பினால் தமிழ் வழி மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று போட்டிருந்தது. வார்த்தைகள் மாறியதைப் பற்றி நான் எழுதிய அடிக்குறிப்பைக் காணவில்லை. தலைவரிடம் கேட்டேன்.

"படிக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்மா. நல்ல சேதிதானே, விடு."

அன்று அவரிடம் முதல்முறையாகக் குரல் உயர்த்தினேன். அறைக் கதவு திறந்திருந்தது, வெளியே எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே தவிர அறிக்கை மாறவில்லை.

டீச்சருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், அந்தப் பயிற்சி வகுப்ப நடத்தினதுக்கு எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. ஸ்டாஃப் மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் வாசிச்சாங்க." குரல் தாழ்ந்தது. "அத வச்சு, இந்த வருஷம் இன்னும் ரெண்டு கிளாஸ் பிள்ளைகளயும் அந்த வகுப்பில சேக்கச் சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்யணும்?"

சேர்க்கச் சொன்ன பிள்ளைகளின் பேர்ப் பட்டியலை அனுப்புங்கள், ஒவ்வொருவரையும் கேள்வியைச் சத்தமாகப் படிக்கவைத்துப் பார்க்கிறேன் என்றேன்.