படியில் கேட்ட இருமல்

பாரிஸ் புறநகரான செவ்ரானில், என் வீட்டில் இன்று சாம்பாருக்குக் கடுகு வெடித்ததும் என்னையறியாமல் கதவைப் பார்த்தேன்.

எண்பதுகளில் பாரிஸ் நகருக்குள், லா சப்பலில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு விசா இல்லை. மெத்ரோவில் பொலிஸ் மறித்தால் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாம்பாரைக் கொதிக்கவிட்டுக் காத்திருப்பார். படியில் அப்பாவின் இருமல் கேட்டால்தான் தாளிப்பார்.

ஒரு வெள்ளி, விசா அலுவலாகப் போன அப்பாவைக் காணவில்லை. வற்ற வற்றத் தண்ணீர் விட்டதில் சாம்பார் ரசமாகிவிட்டது.

"அப்பா வருவாரோ?"

"வாயை மூடு."

ஒருவழியாக இருமல் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"விசா கார்த் தந்திட்டாங்கள், திறவுமப்பா!"

"பொறுங்கோ, கடுகு கருகப் போகுது" என்று அம்மா அழுதுகொண்டே தாளித்தார்.

அடுத்த வெள்ளி, அப்பா வர முன்னமே தாளித்துவிட்டார். நான்தான் இன்னும் கதவைப் பார்க்கிறேன்.