வேகாத தண்ணீர்

ஆரோக்கியநாதனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபின் மிச்சம் நின்றது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைக் கொண்டு அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை நிறுத்தப் பார்த்தார். நாங்கள் அதைச் சோற்றைப் பற்றிய புகார் என்று எடுத்துக்கொண்டோம்.

அவர் சாந்தோம்காரர். ஞானஸ்நானம், படிப்பு எல்லாம் ஒரே கோயில் மணியோசைக்குள் நடந்தது. சில வருடம் வெளிநாட்டில் இருந்தார். அப்பாவுக்கு முடியாமல் போனதும் திரும்பிவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கணவரை இழந்த அக்கா ஆலிஸ் கூட இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். தரமணிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாதனுக்கு வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார்.

இயற்பியல் ஆராய்ச்சி என்றாலும் ஆய்வகம் கிடையாது. குடுவையும் அடுப்பும் வெள்ளைக் கோட்டும் கிடையாது. காகிதமும் கணினியும்தான். மிக நுண்ணிய துளைக்குள் அடைபட்ட தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. “தண்ணியிலதான் வேலை, ஆனா ஒரு நாள்கூட கை நனைஞ்சதில்ல” என்பார் ஆலிஸ். பங்குக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நாதன் குடிநீர் வாரியத்தில் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். கோடையில் பூசை முடிந்து வெளியே வந்தால், “நாதன் சார், லாரி எப்ப வரும்?” என்று கேட்பார்கள். அவர் திருத்த மாட்டார். வாரியத்துக்குப் போன் போட்டு விசாரித்துச் சொல்லிவிடுவார்.

ஐம்பத்தெட்டு வயதில், ஒரு காலை பல் தேய்க்கும்போது விழுந்தார். வலது கையும் காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். ஆறடி மனிதர். அப்படிப்பட்டவரைத் திருப்பிப் படுக்கவைக்கப் பலத்தைவிடப் பழக்கம்தான் முக்கியம்.

வீட்டுக்கு வந்த சில நாளில் அந்தச் சொல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டின் முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். தெளிவாக, “வேகலை” என்றார்.

ஆலிஸ் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு கணம். வந்த பேச்சு என்னவென்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

“இன்னாது, வேகலையா? டேய் நாதா, இத ஸ்ட்ரா போட்டு உறிஞ்சலாம்டா!”

உண்மைதான். விழுங்கச் சிரமம் என்பதால் சோற்றைக் கூழாக மசித்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“வேகலை” என்றார் மறுபடி.

“சொர்ணம்மா, நீங்களே சொல்லுங்க. இது வேகாத சோறா?”

“இதுக்கு மேல வேகவச்சா கஞ்சிதான்மா” என்றேன்.

“பேச்சே போனாலும் நொட்டை சொல்றது மட்டும் போகல பாருங்க.”

திட்டினாலும் ஆலிஸ் மறுநாள் குக்கருக்கு விசில் கூட்டினார். பிறகு கேஸ்கெட்டை மாற்றினார். பிறகு மயிலாப்பூர் கடைக்குப் போய் அரிசியையே மாற்றினார். நாதன் அதையேதான் சொன்னார். டீ கொடுத்தாலும், முதுகு துடைத்தாலும், ஆலிஸ் செபம் சொன்னாலும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஷில்பா என்ற பெண் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இந்த மாதிரி ஸ்ட்ரோக்ல ஒரே வார்த்தை ஒட்டிக்கும் ஆன்ட்டி. தாகம் எடுத்தாலும் அதான் வரும், வலிச்சாலும் அதான் வரும். அர்த்தம் தேடாதீங்க.”

அவள் சொன்னது தவறில்லை. எல்லாவற்றுக்கும் “திங்கக்கிழமை” என்று மட்டும் சொன்ன ஒருவரை நான் முன்பு பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் திங்கட்கிழமையில் ஒரு விசேஷமும் இல்லை. ஆகவே நானும் அர்த்தம் தேடவில்லை. ஆனால் நாதன் அதைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் சோற்றைப் பற்றிப் பேசினால் இடது கையால் கட்டில் கம்பியில் அடிப்பார்.

வீட்டிலிருந்த வேளாங்கண்ணி மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு தாள்கட்டு இருந்தது. அவரோடு வேலை செய்த லாவண்யா கொண்டுவந்து வைத்தது. அன்று நாதன் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறு வருட வேலையின் முடிவு அதில் இருந்தது. நுண்துளைக்குள் தண்ணீர் இதுவரை யாரும் காணாத ஒரு வரிசையில் நிற்கிறது என்று கண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவர் பெயர்தான் முதலில். வருகிறவர்களுக்கெல்லாம் ஆலிஸ் அந்த முதல் பக்கத்தைக் காட்டுவார். “வேகலை”யைப் பற்றி மட்டும் வெளியே சொல்ல மாட்டார். லாவண்யா போனில் விசாரித்தபோதுகூட, “நல்லா சாப்பிடறான்மா” என்று முடித்துவிட்டார். தம்பிக்குச் சோறு வடிக்கத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே.

மாதம் முடியும் தறுவாயில் லாவண்யா வந்தார். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் ஹெல்மெட் தடம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். நாதனைச் சாய்த்து உட்காரவைத்தேன். லாவண்யா தலைப்பை வாசித்தார். பெயர்களை வாசித்தார்.

“வேகலை” என்றார் நாதன்.

“பசிக்குது போல. சொர்ணம்மா, அந்தக் கஞ்சிய...” என்று ஆலிஸ் எழுந்தார்.

லாவண்யா கையிலிருந்த தாள் மடிமேல் இறங்கிவிட்டது. “ஆலிஸ் ஆன்ட்டி, சார் இப்ப என்ன சொன்னார்?”

“சோறு வேகலையாம். வந்த நாள்லேருந்து இதே பாட்டுதான். நீ ஒண்ணும் நினைச்சுக்காத.”

“எப்பலேருந்து?”

நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் இருவருக்கும் புரியும்படி விளக்கினார்.

“கணக்க ஆரம்பிக்கறப்ப தண்ணிய நாமதான் அடுக்கி வைக்கறோம்மா. அது கலைஞ்சு, தன் போக்குல அமையற வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஓட்டம் ஓடணும். அதுக்கு எங்க குரூப்ல வேகறதுன்னு பேரு. சார் வச்ச பேருதான். வராண்டால பார்த்தாலே ‘வெந்துச்சா?’ம்பார். வேகறதுக்கு முன்னாடி அளந்தோம்னா, நாம அடுக்கினதையே பார்த்துட்டு, புதுசா கண்டுபிடிச்சுட்டோம்னு குதிப்போம்.”

“அப்ப இது?” ஆலிஸ் தாளைக் காட்டினார்.

“விழறதுக்கு முதல் நாள், இன்னொரு நீள ஓட்டம் விடணும்னார். மெஷின்ல இடமில்ல, அப்புறம் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்.” அவர் நாதன் பக்கம் திரும்பினார். “சார், நம்ம ஓட்டம் வேகலைன்னா சொல்றீங்க? ஆமாவா, இல்லையா?”

நாதன் தலையை ஆட்டினார். அது இரண்டுமாகவும் இருந்தது.

இந்த நிலையில் இருப்பவர்களிடம் ஆமா, இல்லை என்று கேட்டால் பதிலை நம்ப முடியாது. தலை ஒன்று சொல்லும், மனசு ஒன்று சொல்லும். “கேள்வி வேணாம்மா. ரெண்டு மூணு படத்த முன்னால வை. எது வேணாமோ அத கையால தள்ளட்டும்” என்றேன். சாப்பாட்டுக்கும் சட்டைக்கும் நாங்கள் செய்வதுதான்.

கட்டுரையிலிருந்த படங்களைப் போர்வைமேல் பரப்பினார். நாதன் வெகுநேரம் பார்த்தார். இடது கை மெல்ல நகர்ந்து, அந்தப் புது வரிசையைக் காட்டும் படத்தை எட்டி, கட்டிலை விட்டுக் கீழே தள்ளியது. லாவண்யா எடுத்து, இடம் மாற்றி வைத்தார். மறுபடி அதையே தள்ளினார். எல்லாவற்றையும் கவிழ்த்துக் கலைத்துத் திரும்ப வைத்தார். அதே படம்தான் கீழே விழுந்தது.

“அது அவன் பேரு வரப்போற பேப்பர்மா. ஒரு நோயாளி கைய ஆட்டினான்னு நிறுத்திடுவியா?” என்றார் ஆலிஸ்.

“சார் கை சரியா இருந்தப்ப சொன்னதத்தான் நான் கேக்கல ஆன்ட்டி.”

லாவண்யா கட்டுரையை அனுப்பவில்லை. புது ஓட்டம் வாரக்கணக்கில் ஓடியது. அத்தனை நாளும் நாதன் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கம்பியில் அடிப்பது நின்றுவிட்டது. ஆலிஸ் தாள்கட்டை மாதாவின் காலடியிலிருந்து எடுக்கவில்லை. வேண்டுதல் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், நான் சோறு மசித்துக்கொண்டிருந்தபோது லாவண்யா வந்து அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

“வெந்துடுச்சு சார். வரிசை ஒண்ணும் இல்ல. எல்லாம் நாம அடுக்கினதுதான். கரைஞ்சு போச்சு.”

ஆறு வருடம். நாதன் கண்ணை மூடினார். அழவில்லை. மூச்சு மட்டும் ஆழமாக ஒருமுறை இறங்கியது. நோயாளிக்கு வலி விடும்போது தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படித் தளர்ந்தது.

“அப்ப என் தம்பி பேரு எதுலயும் வராதா?” என்று ஆலிஸ் கேட்டார்.

“வரும் ஆன்ட்டி. அப்படி ஒரு வரிசை இல்லைன்னு சின்னதா ஒண்ணு எழுதணும். இல்லேன்னா இன்னொருத்தர் இதே தப்புல விழுவாங்க. சார் பேருதான் முதல்ல.”

“இல்லைங்கறதுக்குக் கூடவா பேரு போடுவாங்க?”

“அதுக்கும் போடுவாங்க.”

நான் கரண்டியை நீட்டினேன். வாயைத் திறந்தார், விழுங்கினார். சொல் வரவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வரவில்லை. அதன் இடத்தில் வேறொரு சொல் வரும் என்று ஷில்பா எவ்வளவோ பயிற்சி கொடுத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. அடுத்த மழைக்காலம் வரை அந்த வீட்டில் அவர் குரல் கேட்கவே இல்லை. நவம்பரில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். அந்தச் சிறு கட்டுரை அதற்குள் வெளியாகியிருந்தது. லாவண்யா அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு அடக்கத்துக்கு வந்திருந்தார்.

அவர் பேசாமல் கிடந்த அந்த மாதங்களில், தட்டு வைக்கும்போதெல்லாம் ஆலிஸ் குனிந்து கேட்பார்: “வெந்திருக்கா நாதா?”

பதிலுக்காகக் கொஞ்சம் நிற்பார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் கரண்டியை எடுப்பேன்.