பூசணி எழுத்துக்காரி

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். அச்சகத்து மாடியில் தம்பி பிழை பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அக்காவின் கணவர். "காய்ச்சலா இருக்குன்னு காலையில சாப்பிட்டுட்டுப் படுத்தா. எழுந்திரிக்கலப்பா" என்று மட்டும் சொன்னார். தம்பி போனை வைத்துவிட்டு, கையிலிருந்த தாளைக் கடைசி வரி வரை படித்து முடித்தான். எதைப் படித்தோம் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை.

அக்காவுக்கு அச்சுக்கான எழுத்து வரைவதுதான் வேலை. இருபத்திரண்டு வருடம், அதே மாடியில், அதே ஜன்னலோர மேஜை. அவள் வரைந்தவற்றில் நன்றாக ஓடியது ஒன்றே ஒன்று: மூலையே இல்லாமல் உப்பிப்போன, தடித்த எழுத்து. அச்சகத்தில் அதற்குப் பூசணி என்று பெயர். ஐஸ் வண்டி, பொம்மைக் கடைப் பலகை, நீச்சல் குளத்துச் சுவர் என்று ஊரெங்கும் பூசணி உருண்டது. தெருவில் அதைப் பார்த்தால் அக்கா நின்றுவிடுவாள். நாலு சொல்லுக்கு மேல் எழுதியிருந்தால் முகம் சுளிப்பாள். பெரிதாகப் போட வேண்டும், கொஞ்சமாகப் போட வேண்டும், தூரத்திலிருந்து படிக்க வேண்டும். அதற்குத்தான் அது என்பாள்.

முதலாளிக்கோ பூசணி என்றால் உயிர். காணாமல் போனவர் அறிவிப்பைக்கூட ஒருமுறை அதில் போட்டுவிட்டார். "ஆளைக் காணோம்னு வீட்டுல தவிக்கிறாங்க, எழுத்து தொப்பையத் தடவிக்கிட்டுச் சிரிக்குது" என்று அக்கா அதை அவர் மேஜையிலேயே கிழித்துப் போட்டாள்.

போன மாதம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது. வார்டுக் கதவுப் பலகைகள், மருந்து கொடுக்கும் விவரம் அச்சிட்ட சீட்டு, எல்லாமே பூசணியில் வேண்டுமாம். பலகைக்கு உடனே தலையாட்டினாள். சீட்டுக்கு முடியாது என்றாள். முதலாளி குதித்தார், வந்த ஆர்டரை வாசலோடு அனுப்பச் சொல்கிறாயா என்று கேட்டார். அக்கா சீட்டைப் பூசணியிலேயே சின்ன அளவில் அச்சிட்டு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டுல கரண்ட் இல்ல. படிங்க."

"எட்டு சொட்டு," என்றார் முதலாளி.

"மூணு," என்றாள் அக்கா.

ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். தடிமன் தாங்காமல் மூன்றின் வாய் மூடிக்கொண்டிருந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்யலாம், நீயே சொல்லம்மா என்றார்.

பூசணிக்கு ஒல்லியாக ஒரு தங்கை வரைந்து தருவதாகச் சொன்னாள். அதே உருண்டை, ஆனால் உடம்பு இளைத்து, வாய்கள் நன்றாகத் திறந்திருக்கும். எழுத்துகள் மூன்று வாரத்தில் முடிந்தன. எண்களில்தான் இழுத்தது. ஒவ்வொன்றையும் சின்னதாக அச்சிட்டு, மாடிப்படி இருட்டில் தம்பியை நிற்க வைத்துப் படிக்கச் சொல்வாள். ஆறை முடித்த அன்று, அதையே திருப்பிப் போட்டால் ஒன்பதும் முடிந்ததே என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"டேய், உன்னத் தலைகீழாத் தொங்கவிட்டா உன்ன மாதிரியா இருப்ப? தலை கனத்துடும்டா. ஒன்பதைத் தனியாத்தான் வரையணும்."

ஆஸ்பத்திரி சீட்டைத் திங்கட்கிழமை கேட்டிருந்தது. எல்லாக் காரியமும் முடிந்து தம்பி மாடிக்கு வந்தபோது ஞாயிறு மதியம். முதலாளி பின்னாலேயே வந்து நின்றார். இப்போதைக்கு வேறு ஏதாவது சாதாரண எழுத்தில் சீட்டைப் போட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டார். பூசணியில் போடலாம் என்று சொல்லவில்லை. தம்பிக்கு அதுவே பெரிதாக இருந்தது. போடுங்கள் என்றான்.

பிறகு அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்தான். பூஜ்யம் முதல் எட்டு வரை முடித்து வைத்திருந்தாள். ஒன்பதில் மேல் வட்டம் மட்டும் இருந்தது. வாலை இன்னும் வரையவில்லை.